சோறு போட்டும் சவலை

நாய் குட்டி போட்டுவிட்டால் லயத்துப் பிள்ளைகளுக்குத் திருநாள்தான். பள்ளி விட்டதும் புத்தகப் பையை வீசிவிட்டு, அடுப்படிக்குப் பின்னால் சாக்கு விரித்த இடத்துக்கு ஓடிவிடுவார்கள். கண் திறந்துவிட்டதா, எது கடுவன், எது பெட்டை, எது யாருக்கு என்று ஒரு மாதத்துக்கு அதே பேச்சுதான். ஆனால் அந்த ஐந்தாறு குட்டிகளில் ஒன்று சில சமயம் ஒதுங்கியே கிடக்கும். மற்றவை கொழுகொழுவென்று உருண்டு விளையாட, அது மட்டும் எலும்பும் தோலுமாகச் சுருண்டிருக்கும். சோற்றை வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். “அது சவலை, தேறாது” என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பிறகு ஒருநாள் அந்தக் குட்டி செம்பனைக் காட்டு ஓரத்திலோ சந்தைப் பக்கத்திலோ விடப்பட்டுவிடும்.

தாய்ப்பால் போதாமல் இளைத்த பிள்ளையைச் சவலை என்று சொல்வது நம் வழக்கம். அந்தச் சொல்லே காரணத்தையும் சொல்லிவிடுகிறது: வயிற்றுக்குப் போதவில்லை, அதனால் இளைத்தது. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் பால் இருந்தும், சோறு இருந்தும், இறைச்சித் துண்டு போட்டும் இரத்தம் ஊறாத குட்டிகள் உண்டு. அவற்றின் குறை தட்டில் இல்லை; பிறவியில் இருக்கிறது. அந்தக் குறை என்ன, அதற்கு மருந்து உண்டா, அதிலிருந்து நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன பாடம் கிடைக்கிறது என்பதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஈறைப் பாருங்கள்

உங்கள் நாயின் மேலுதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். சில நாய்களுக்கு ஈறு இயற்கையிலேயே கறுத்திருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை இலேசாக இழுத்து உட்புறத்தைப் பார்க்கலாம். அங்கே வெளுத்துப் போயிருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது என்று பொருள். அதைத்தான் இரத்தசோகை என்கிறோம். காய்ச்சல் எப்படி ஓர் அடையாளமோ அப்படித்தான் இதுவும். காய்ச்சல் என்றால் மலேரியாவா, டிங்கியா, சாதாரணச் சளியா என்று கேட்கிறோம் அல்லவா? இரத்தசோகை என்றாலும் அப்படியே கேட்க வேண்டும்: இரத்தம் ஏன் குறைந்தது?

நம் கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணத்துத் தாமான்களிலும் நாய்க்கு இரத்தம் குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை மூன்று.

ஒன்று, கொக்கிப்புழு. இது குடல் சுவரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். இதில் ஒரு வகை தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்து சேரும். இன்னொரு வகைக்கு இலங்கையின் பழைய பெயரை ஒட்டி ‘ஆன்சிலோஸ்டோமா செயிலானிக்கம்’ என்று 1911-இல் பெயர் வைத்தார்கள். இந்த இரண்டாம் வகை நாயோடு நிற்காது. மனிதருடைய குடலிலும் குடியேறும். மலேசியாவில் மனிதர்களிடமும் நாய் பூனைகளிடமும் இதே புழு இருப்பதை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் எடுத்துக்காட்டினார்கள். நாய் அசுத்தம் செய்த ஈர மண்ணில் செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளைக்குக் கால் தோல் வழியே இது நுழைய முடியும்.

இரண்டு, உண்ணி. உண்ணி குடிக்கும் இரத்தத்தைவிட அது கொண்டுவந்து விடும் கிருமி பெரிய ஆபத்து. ‘எர்லிச்சியா’ என்ற கிருமி இரத்தம் உற்பத்தியாகும் இடத்தையே கெடுத்துவிடும். 1960-களில் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் இராணுவ நாய்களையும், பிறகு வியட்நாமில் அமெரிக்கப் படையோடு இருந்த நாய்களையும் இந்த நோய் வாரிக்கொண்டு போனது. மூக்கில் இரத்தம் வடிந்து, மெலிந்து அவை செத்தன. இன்று இதற்கு மருந்து இருக்கிறது. காலத்தோடு கொடுத்தால் நாய் பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாவதைக் கேட்டால் தாய்மார்கள் திடுக்கிடுவார்கள். அது வெங்காயம். பூண்டும் அப்படித்தான். நாம் தினமும் தின்னும் இந்த இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பச்சையாக இருந்தாலும் வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. சாம்பாரிலும் சம்பாலிலும் வெங்காயத்தை அள்ளிப் போட்டுவிட்டு, மிஞ்சியதைச் சோற்றில் பிசைந்து நாய்க்கு வைக்கிறோம். ஒருநாள் கொஞ்சம் தின்றால் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். நாள்தோறும் தின்றால் ஈறு வெளுக்கும்.

இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும், நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். புழு மருந்து கொடுத்தாயிற்று, உண்ணி இல்லை, வெங்காயம் இல்லை. ஆனாலும் குட்டி தேறவில்லை என்றால் என்ன செய்வது? அங்கேதான் பிறவிக் குறை என்ற நான்காவது கதவைத் தட்ட வேண்டும்.

ஈரல் சொன்ன கதை

பிறவிக் குறையைப் புரிந்துகொள்ள, ஈரலின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். ஆட்டீரல் தின்றால் இரத்தம் ஊறும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள் அல்லவா? அதை விஞ்ஞானமாக நிலைநாட்டியது நாய்களை வைத்துத்தான்.

அமெரிக்காவில் ஜார்ஜ் விப்பிள் என்ற டாக்டர், நாய்களின் இரத்தத்தை எடுத்துவிட்டு, எந்த உணவைக் கொடுத்தால் இரத்தம் விரைவில் மீண்டும் ஊறுகிறது என்று 1920-களில் சோதித்துப் பார்த்தார். ஈரல்தான் முதலிடத்தில் வந்தது. அதைப் படித்த ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி என்ற இரு டாக்டர்கள், அந்நாளில் மரண தண்டனைக்குச் சமமாக இருந்த ஒருவகை இரத்தசோகை நோயாளிகளுக்கு ஈரலைத் தின்னக் கொடுத்தார்கள். சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1926-இல் 45 நோயாளிகளின் விவரத்தை அவர்கள் வெளியிட்டபோது வைத்திய உலகமே வியந்தது. 1934-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விப்பிளின் நாய்களுக்குக் குறைந்திருந்தது இரும்புச் சத்து. இரத்தத்தை எடுத்தால் இரும்பும் போய்விடும். ஈரலில் இரும்பு நிறைய இருந்ததால் அவை தேறின. மைனாட்டின் நோயாளிகளுக்குக் குறைந்திருந்ததோ வேறொரு சத்து. அதுவும் ஈரலுக்குள் ஒளிந்திருந்தது. அதை 1948-இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். செக்கச் சிவந்த படிகமாக வந்த அதுதான் பி12 வைட்டமின். அதன் நடுவில் கோபால்ட் என்ற உலோகம் இருப்பதால் கோபாலமின் என்றும் சொல்வார்கள். அதன் அமைப்பைக் கண்டுபிடித்த டோரதி ஹாட்ஜ்கின் என்ற பெண் விஞ்ஞானிக்கு 1964-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதே காலத்தில் இந்தியாவிலும் ஒரு சம்பவம் நடந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கர்ப்பமாக இருக்கும்போது இரத்தமின்றி வெளுத்து மடிவதை ஆராய்ந்தார். நம் மளிகைக் கடைகளில் இன்றும் கிடைக்கும் மார்மைட், அந்தப் பெண்களைத் தேற்றுவதை அவர் கண்டார். 1931-இல் அதை எழுதினார். மார்மைட்டில் வேலை செய்தது பி12 அன்று, இரும்பும் அன்று. பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்ற மூன்றாவது சத்து அது.

பாருங்கள்: விப்பிளின் நாய்கள், மைனாட்டின் நோயாளிகள், பம்பாய்த் தொழிலாளிப் பெண்கள். மூவருக்கும் ‘இரத்தம் குறைவு’ என்றுதான் நாம் சொல்லியிருப்போம். ஆனால் மூவருக்கும் தேவைப்பட்டது வெவ்வேறு மருந்து. ஒருவருடைய மருந்தை இன்னொருவருக்குக் கொடுத்திருந்தால் நோய் தீர்ந்திருக்காது.

வாசலில் இரண்டு ஜாகா

இப்போது நம் சவலைக் குட்டிக்கு வருவோம். பி12 வைட்டமின் இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றில் இருக்கிறது. தின்றவுடன் அது இரத்தத்தில் கலந்துவிடுவதில்லை. உடம்பு அதற்கு ஒரு பெரிய நடைமுறையே வைத்திருக்கிறது.

ஒரு தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வாசலுக்கு வருகிறது. சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பி12-க்குச் சீட்டுப் போல உதவுவது ஒரு புரதம். மனிதருக்கு அதை இரைப்பை சுரக்கிறது. நாய்க்குப் பெரும்பாலும் கணையம் சுரக்கிறது. சீட்டோடு சேர்ந்த பி12, சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை பயணம் செய்து வாசலை அடைகிறது. அந்த வாசலில் இரண்டு ஜாகா நிற்கிறார்கள். ஒருவர் பெயர் கியூபிலின், மற்றவர் பெயர் அம்னியன்லெஸ். இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். ஒருவர் வரவில்லை என்றாலும் வாசல் அடைத்தே இருக்கும். சரக்கு வாசல் வரை வந்து, அப்படியே கழிவோடு வெளியே போய்விடும்.

சில நாய்களுக்குப் பிறவியிலேயே இந்த இருவரில் ஒருவர் இல்லை. ஜெயண்ட் ஷ்னாசர் என்ற பெரிய ஜாதி நாய்க் குடும்பம் ஒன்றில் இந்தக் குறை இருந்ததை ஜான் ஃபைஃப் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1989-இல் எழுதினார்கள். ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், பார்டர் கோலி, பீகிள் ஆகிய ஜாதிகளிலும் இது உண்டு. ஜெயண்ட் ஷ்னாசருக்கும் ஆஸ்திரேலியன் ஷெப்பர்டுக்கும் அம்னியன்லெஸ் என்ற ஜாகா இல்லை என்பது 2005-இல் உறுதியானது. பார்டர் கோலிக்கு இல்லாதது கியூபிலின் என்பது 2013-இல் தெரிந்தது. பீகிளின் குறையும் கியூபிலினில்தான்.

இதே குறை மனிதக் குழந்தைகளுக்கும் உண்டு. 1960-இல் நார்வே நாட்டில் ஓல்கா இமர்ஸ்லுண்ட் என்ற பெண் டாக்டரும், பின்லாந்தில் ரால்ஃப் கிரேஸ்பெக் என்பவரும் தனித்தனியே அதைக் கண்டு எழுதினார்கள். ஆகவே அந்த நோய்க்கு இருவர் பெயரையும் சேர்த்து இமர்ஸ்லுண்ட்–கிரேஸ்பெக் நோய் என்று பெயர். நாய்க்கு வந்தாலும் பெயர் அதுதான்.

இந்தக் குட்டி பிறக்கும்போது மற்றக் குட்டிகளைப் போலத்தான் இருக்கும். தாயின் வயிற்றில் இருந்தபோது சேர்த்துக்கொண்ட பி12 கொஞ்ச நாளைக்குக் கைகொடுக்கும். அந்தச் சேமிப்புத் தீர்ந்ததும் கஷ்டம் தொடங்கும். ஜெயண்ட் ஷ்னாசர் குட்டிக்கு இரண்டு மூன்று மாதத்திலேயே தெரிந்துவிடும். பார்டர் கோலிக்கு நான்கைந்து மாதமாகலாம். சிலவற்றுக்கு ஒரு வயதுக்கு மேலும் ஆகலாம். பசி போகும், வளர்ச்சி நிற்கும், விளையாட்டு நிற்கும், ஈறு வெளுக்கும். சிவப்பணு மட்டுமல்ல, கிருமியோடு போராடும் வெள்ளணுவும் குறையும். சிறுநீரில் புரதமும் இறங்கும்; ஏனென்றால் அதே இரண்டு ஜாகாவுக்குச் சிறுநீரகத்திலும் வேலை இருக்கிறது. கண்டுகொள்ளாமல் விட்டால் குட்டி செத்துப்போகும்.

நாலு குட்டிக் கணக்கு

“அப்படியானால் தாய்க்கும் தகப்பனுக்கும் இந்த நோய் இருந்திருக்க வேண்டுமே? அவை கல்லுக்குண்டு மாதிரி இருக்கின்றனவே!” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இதை நான் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ரப்பர் கொட்டையையும் கூழாங்கல்லையும் வைத்துச் சொல்லிக்கொடுப்பது வழக்கம்.

ஒவ்வொரு நாயிடமும் ஜாகாவை உருவாக்கும் குறிப்பு இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒன்று தாய் கொடுத்தது, ஒன்று தகப்பன் கொடுத்தது. நல்ல பிரதியை ரப்பர் கொட்டை என்றும், பிழையுள்ள பிரதியைக் கூழாங்கல் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு கொட்டை இருந்தாலே போதும், வேலை நடந்துவிடும். ஆகவே ஒரு கையில் கொட்டையும் மறு கையில் கல்லும் வைத்திருக்கும் நாய்க்கு நோயே இல்லை. ஆனால் அது கல்லைச் சுமந்துகொண்டிருக்கிறது.

இப்படிச் சுமக்கும் ஆணும் சுமக்கும் பெண்ணும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் ஏதாவது ஒன்றைக் குட்டிக்குக் கொடுக்கும். கொட்டையும் கொட்டையும் சேரலாம். கொட்டையும் கல்லும் இரண்டு விதமாகச் சேரலாம். கல்லும் கல்லும் சேரலாம். நாலு வழியில் ஒரு வழி நோய். இரண்டு வழி, நோயின்றிச் சுமப்பது. ஒரு வழி முழு சுத்தம். ஒவ்வொரு குட்டிக்கும் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். ஆகவே நாலில் ஒன்று என்பது சராசரிதான். ஆறு குட்டியில் ஒன்றுக்கும் வராமல் போகலாம், மூன்றுக்கு வந்துவிடவும் செய்யலாம்.

சுமக்கும் நாயைச் சுத்தமான நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. ஆனால் அண்ணன் தங்கையையோ, தகப்பன் மகளையோ சேர்த்தால், ஒரே பாட்டனிடமிருந்து வந்த அதே கல் இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடிவிடும். ‘ஜாதி சுத்தம்’ என்று சொல்லிக்கொண்டு நெருங்கிய இரத்தத்துக்குள்ளேயே குட்டி எடுக்கும்போது நடப்பது இதுதான். தமிழ்நாட்டின் இராஜபாளையம் நாய் பேர் பெற்றது. 2005-இல் இந்தியத் தபால் தலையிலும் இடம் பெற்றது. வெள்ளை நிறம் வேண்டும் என்பதற்காகவே அதைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததில், பிறவிச் செவிடு அந்த இனத்தில் புகுந்துவிட்டது. நிறம் கிடைத்தது, காது போயிற்று.

நம் லயத்து நாட்டு நாய்க்குப் பல இரத்தம் கலந்திருப்பதால், ஒரே கல் இரு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு குறைவு. ஆனால் இன்று சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் தாமான் வீடுகளில் குடியேறிய நம் பிள்ளைகள் பீகிள் என்றும் பார்டர் கோலி என்றும் ஆசையாக வாங்கி வளர்க்கிறார்கள். சிலர் குட்டி எடுத்து விற்கவும் செய்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கல்லைச் சுமக்கும் நாய் எது என்பதைக் கண்டுபிடிக்க இப்போது சோதனை இருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினாலே போதும். குட்டி வாங்கும்போது “அப்பா அம்மாவைச் சோதித்தீர்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கேள்வி வாங்குபவர்களிடமிருந்து வந்தால்தான் விற்பவர்களுக்கும் அக்கறை பிறக்கும்.

பின்வாசல் வைத்தியம்

நல்ல செய்தியை இனிச் சொல்லிவிடுகிறேன். இந்த நோய்க்கு மருந்து உண்டு; அதுவும் பெரிய விலையில்லாத மருந்து.

முன்வாசலில் ஜாகா இல்லை என்றால் சரக்கைப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோவதுதானே வழி? பி12-ஐ ஊசி மூலம் தோலுக்கடியில் செலுத்தினால் அது குடலைத் தொடாமல் நேரே இரத்தத்துக்குப் போய்விடும். ஓரிரு நாளில் குட்டிக்குப் பசி எடுக்கும். சில வாரங்களில் இரத்தமும் வளர்ச்சியும் திரும்பும். முதலில் அடிக்கடி போட்டு, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டு, ஆயுள் முழுதும் போட வேண்டும். அப்படிப் போட்டால் அது மற்ற நாய்களைப் போலவே வாழும். நிறுத்தினால் பழைய நிலை திரும்பிவிடும்.

வாய் வழியாகவும் முடியும் என்று சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர ஆய்வாளர்கள் பீகிள் நாய்களை வைத்து 2019-இல் காட்டினார்கள். அது எப்படி? வாசல் அடைத்திருந்தாலும் வேலியில் சிறு சந்து இருக்கும் அல்லவா? மிக அதிக அளவில் தினமும் கொடுத்தால், அதில் ஒரு சிறு பங்கு அந்தச் சந்து வழியே நுழைந்துவிடுகிறது. அந்தச் சிறு பங்கே உடம்புக்குப் போதும். ஆனால் எவ்வளவு, எத்தனை நாள் என்பதை வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும். சோற்றில் கொஞ்சம் ஈரல் கூடுதலாகப் போடுவதால் இது நடக்காது.

ஒரு மாணவன் என்னிடம், “சார், எங்க நாய் வெளுத்துப் போச்சு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில கொடுத்த இரத்த மாத்திரையைக் கொடுக்கலாமா?” என்று கேட்டான். கொடுக்கவே கூடாது. மனிதருக்கான இரும்பு மாத்திரை நாய்க்கு விஷமாகிவிடும். நாலைந்தைக் கடித்து விழுங்கினால் குட்டியின் உயிருக்கே ஆபத்து. மாத்திரை டப்பாவை நாயும் பிள்ளையும் எட்டாத இடத்தில் வையுங்கள். அதே போல, உண்ணி சாகட்டும் என்று தோட்டத்துப் பூச்சி மருந்தைக் கரைத்து நாயைக் குளிப்பாட்டுவதும், மண்ணெண்ணெய் தடவுவதும் கூடவே கூடாது.

நம் வீட்டுக் கணக்கு

நாயைப் பற்றிச் சொல்லிவிட்டு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாதிப் பாடம்தான் ஆகும்.

தட்டில் இருப்பதெல்லாம் உடம்பில் ஒட்டுவதில்லை என்பது நம் மக்களிடையே நிரூபணமான உண்மை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் என்ற இரு டாக்டர்கள், 1960-களிலிருந்து சுற்றுக் கிராமங்களில் பரவிய ஒருவகைக் குடல் நோயை ஆராய்ந்தார்கள். அந்த நோய் வந்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு நிற்காது. குடல் சத்தை உறிஞ்சாது. பி12-உம் ஃபோலிக் அமிலமும் குறைந்து இரத்தம் வற்றும். அது பிறவிக் குறை அன்று, இடையில் வந்த கோளாறு. ஆனால் முடிவு ஒன்றுதான்: தின்றும் சவலை.

நம் தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தம் குறைவு என்பது பழகிப்போன வார்த்தை. தலை சுற்றும், படியேறினால் மூச்சு வாங்கும், நகம் வெளுக்கும். “பொம்பளைப் பிள்ளைக்கு இது சகஜம்” என்று சொல்லிவிட்டுக் கடையில் ஒரு டானிக் வாங்கிக் கொடுப்போம். அந்த டானிக் பெரும்பாலும் இரும்புச் சத்துத்தான். மாதவிலக்கில் இரத்தம் இழக்கும் பெண்ணுக்கும் கொக்கிப்புழு உள்ளவருக்கும் அது உதவும். ஆனால் இறைச்சி, மீன், முட்டை, பால் எதையும் தொடாதவருக்குக் குறைவது பி12 ஆக இருக்கலாம். கை கால் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, மறதி இவை சேர்ந்திருந்தால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறியது போலத் தெரியும். நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

இன்னும் ஒன்று. தலசீமியா என்ற பிறவி இரத்த நோயும் ரப்பர் கொட்டை, கூழாங்கல் கணக்கில்தான் வருகிறது. ஒரு கல்லைச் சுமப்பவருக்கு இலேசாக இரத்தம் குறைந்திருக்கும். வேறு தொல்லை பெரிதாக இராது. அதை இரும்புக் குறைவு என்று எண்ணி வருடக்கணக்காக டானிக் குடிப்பவர்கள் உண்டு. இரு பக்கமும் கல் சேர்ந்துவிட்டால், அந்தக் குழந்தை கடுமையான நோயோடு பிறந்து, ஆயுள் முழுதும் பிறர் இரத்தத்தை ஏற்றிக்கொண்டே வாழ வேண்டி வரலாம். இதற்காகத்தான் மலேசிய சுகாதார அமைச்சு 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்கு இரத்தச் சோதனை செய்துவருகிறது. பள்ளியிலிருந்து அந்தக் கடிதம் வந்தால், “ஊசி குத்துவார்கள், வேண்டாம்” என்று மறுத்துவிடாதீர்கள். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

மாமன் மகளையும் அத்தை மகனையும் முடிப்பது நம்மிடம் தொன்றுதொட்டு வரும் உறவு முறை. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள் என்றால், ஒரே கல் இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அந்நியரைவிடக் கூடுதல். ஜாதகம் பார்க்கும் நாளிலேயே இரத்தத்தையும் பார்த்துவிட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது? இருவரும் சுமப்பவர்கள் என்று தெரிந்தால் டாக்டரிடம் ஆலோசனை கேட்டுத் தெளிவோடு முடிவு செய்யலாம். சுமப்பது குற்றம் அன்று. குலத்துக்கு இழுக்கும் அன்று. நம்மில் ஏதாவது ஒரு கல்லைச் சுமக்காதவர் யாருமே இல்லை.

நோயைப் பார்ப்பதோடு நிற்காமல் நோயின் வேரைத் தேடச் சொன்னவர் வள்ளுவர். குட்டிக்கும் அதையே செய்வோம்.

இனி வீட்டில் நாய் குட்டி போட்டால் இதைச் செய்யுங்கள். இரண்டாம் வாரத்தில் தொடங்கி, எட்டு வாரம் ஆகும் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வைத்தியர் சொல்லும் அளவில் புழு மருந்து கொடுங்கள்; தாய்க்கும் சேர்த்துக் கொடுங்கள். வாரம் ஒருமுறை குட்டிகளைத் தராசில் நிறுத்து, ஒரு பழைய நோட்டில் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கு அது நல்ல கணக்குப் பயிற்சியும் ஆகும். எல்லாம் ஏற, ஒன்று மட்டும் இரண்டு வாரமாக ஏறவில்லை என்றால் அந்த நோட்டையும் குட்டியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். கால்நடை இலாகா அலுவலகமோ, பட்டணத்து நாய் வைத்தியரோ யாராக இருந்தாலும் சரி. மலத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒன்றும் பிடிபடவில்லை என்றால் பி12 அளவையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய் நோய் தலைகாட்டியதை மறந்திருக்கமாட்டீர்கள். அதற்கான தடுப்பூசி போட நாயைக் கொண்டுபோகும் நாளிலேயே ஈறையும் ஒருமுறை பார்க்கச் சொல்லலாம்.

தாத்தா காலத்தில் நமக்குக் காரணம் தெரியாது. அதனால் குட்டியைக் காட்டோரத்தில் விட்டோம். இப்போது தெரியும். ஈரல் தின்று பிழைத்த மனிதருக்கு அந்த வழியைக் காட்டியவை நாய்கள். அந்தக் கடனில் ஒரு சிறு தவணையாகவாவது, ஒரு சவலைக் குட்டியைத் தூக்கி எறியும் முன் அதற்கு ஒரு துளி இரத்தச் சோதனை செய்து பார்ப்போமே.